கொட்டாவிக்கு ஆதாரம் இல்லை

ஜூன் 3, செவ்வாய்

காலையில் சாரல். மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்பினேன். ஒன்பது ஐம்பதுக்கே பாலிடெக்னிக் அலுவலகத்தில் இருந்தேன். கண்காணிப்பாளரே தாமதமாக வந்தால் மற்றவர்களை என்ன சொல்வது.

இன்று வந்த மனுக்கள் பதினாறு, திருப்பியவை பதினொன்று. ஒருவர் கறுப்பு மையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நீல மை என்று பலகையில் எழுதி வைத்திருப்பது சுவரை அலங்கரிக்க அல்ல. இன்னொருவர் புகைப்படத்தில் இடது காது தெரியவில்லை.

சபூரா பேகம் என்ற பெண் நான்காவது முறையாக வந்தார். இங்கே டிப்ளமா முடித்துப் பதினைந்து வருடமாகிறது. வீடு ஒழுகி மாற்றுச் சான்றிதழ் கூழாகிவிட்டதாம், நகல் வேண்டும். பள்ளிச் சான்றிதழில் ‘சபூரா’, எங்கள் பதிவேட்டில் ‘சபுரா’. நெடிலும் குறிலும் ஒன்றாகிவிடுமா?

“சார், ரெண்டும் நான்தான் சார்.”

“அத நீங்க சொல்லக் கூடாதும்மா. காகிதம் சொல்லணும்.”

நல்ல பதில் என்று எனக்கே தோன்றியது.

மூன்று மணிக்கு முதல்வர் அறையில் கூட்டம். பொருள்: சைக்கிள் நிறுத்துமிடம். முக்கால் மணி நேரம் ஆனதும் எனக்கு ஒரு கொட்டாவி வந்தது. வந்தது போகவில்லை. வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. மூட முயன்றேன்; தாடை கேட்கவில்லை. நான் ஏதோ கருத்துச் சொல்ல வருகிறேன் என்று முதல்வர் நினைத்துவிட்டார்.

“சொல்லுங்க செண்பகராமன்.”

“ஆ,” என்றேன்.

“அதுவும் சரிதான்,” என்று குறித்துக்கொண்டார்.

ஜூன் 4, புதன்

விடுப்பு. நேற்று மருத்துவமனையில் தாடையை இடத்தில் உட்காரவைத்தவர் டாக்டர் ஜெபசெல்வி. தாடை அறுவை நிபுணர், செவ்வாய்தோறும் பாளையங்கோட்டையிலிருந்து தென்காசிக்கு வருகிறவர். காதுக்கு முன்னால் உள்ள மூட்டு, குழியை விட்டு முன்னே நழுவி, ஓர் எலும்பு மேட்டைத் தாண்டி மாட்டிக்கொள்கிறதாம். ஒரு முறை நழுவினால் மறுபடியும் நழுவுமாம்.

“கொட்டாவி வந்தா விரல மடக்கி, தாடைக்குக் கீழ முட்டிக் கையக் குடுங்க. பெருசா கடிக்கக் கூடாது. வாய் விட்டுச் சிரிக்கக் கூடாது.”

“அதுல ஒண்ணும் கஷ்டமில்ல டாக்டர்,” என்றாள் என் மனைவி உலகம்மாள். “இவுக ஆபீஸ்லல்லா இருக்காக.”

அவசரத்துக்கு என்ன செய்வது என்று டாக்டர் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். இரண்டு கட்டைவிரலிலும் துண்டைச் சுற்றிக்கொண்டு, கீழ்க் கடைவாய்ப் பற்களின் மேல் வைத்து, கீழே அழுத்திப் பின்னால் தள்ள வேண்டும். உலகம்மாள் ஆட்டுக்கல்லில் மாவு அரைத்து வளர்ந்தவள். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள்.

ஜூன் 19, வியாழன்

மூன்றாவது முறை. இந்தத் தடவை காரணம், டி.வி.யில் செய்தி வாசிப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் விட்ட கொட்டாவி.

ஜூலை 1, செவ்வாய்

ஏழாவது முறை. கேஸ் சிலிண்டர் வந்த நேரம். வாயைப் பிளந்துகொண்டு கதவைத் திறந்தேன். சிலிண்டர்காரர் இரண்டு படி கீழே இறங்கிவிட்டார்.

அறுவை சிகிச்சை செய்து அந்த எலும்பு மேட்டைச் செதுக்கிவிடலாம் என்கிறார் டாக்டர். ஒன்பது வருடமாகத் தவறாமல் பிரீமியம் கட்டிவரும் மருத்துவக் காப்பீடு இருக்கிறது. ஒரு நாள் தாமதமாகக் கட்டியதில்லை. ஆகவே கவலை இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

காப்பீட்டுக் கம்பெனியின் கடிதம். அனுமதி மறுப்பு. ‘பல் மற்றும் பல் சார்ந்த சிகிச்சைகள் பாலிசியில் அடங்கா.’

நேர்மையாக எழுத வேண்டும் என்றால், அழகான கடிதம். எண், தேதி, பொருள், பார்வை, பிரிவு, உட்பிரிவு எல்லாம் இருக்கின்றன. வருத்தம் தெரிவிக்கும் வரிகூடச் சரியான இடத்தில், கடைசிக்கு முந்தைய பத்தியில். தொழில் தெரிந்த ஒருவர் எழுதியது. இரண்டு முறை வாசித்தேன்.

பிறகுதான் அது எனக்கு வந்தது என்பது உறைத்தது.

தாடை பல் அல்ல, பல் தாடையில் குடியிருக்கிறது, அவ்வளவே என்று முறையீடு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இன்று திருப்பிய மனுக்கள்: ஒன்பது.

ஜூலை 24, வியாழன்

இரண்டாவது மறுப்பு. பல் விஷயத்தைக் கைவிட்டுவிட்டார்கள். ‘கோரப்பட்ட முக அறுவை சிகிச்சை அழகுக்கானது எனக் கருதப்படுவதால்…’

உலகம்மாளிடம் வாசித்துக் காட்டினேன்.

“அழகுக்கா?” என்றாள்.

“அப்படித்தான் போட்டிருக்கான்.”

“உங்களுக்கா?”

என் தலை, அதில் மிச்சமிருப்பது, காது, மூக்கு எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள். உள்ளே பாத்திரம் விழுகிற சத்தமும் அவள் சிரிக்கிற சத்தமும் சேர்ந்து கேட்டன. எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன். பத்தாவது முறை.

துண்டோடு ஓடி வந்து சரிசெய்தவள் முகத்தில் சிரிப்பு இல்லை. “என்னால வந்தது,” என்றாள். இதில் அவள் குற்றம் என்ன இருக்கிறது? இப்படி வார்த்தை போட்டது கம்பெனி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

புகைப்பட ஆதாரம் தயார். பன்னிரண்டாவது முறை மாட்டியபோது, “ஒரு நிமிசம் அப்படியே இருங்க,” என்று உலகம்மாள் செல்போனில் மூன்று கோணங்களில் எடுத்தாள். நான் வேறு எப்படி இருக்க முடியும்? அலுவலகத் தரத்துக்கு ஏற்ப இரண்டு காதும் தெரிகின்றன. அனுப்பினேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மூன்றாவது மறுப்பு. இதை முழுமையாக இங்கே பதிவு செய்கிறேன்.

‘அ) இணைக்கப்பட்ட படங்களில் உள்ள நபர் பாடிக்கொண்டிருப்பதாகத் தெரிகிறது. ஆ) தாடை நழுவியதற்கு ஒரேயொரு மருத்துவமனைப் பதிவு மட்டுமே உள்ளது; மற்றவற்றுக்கு ஆதாரம் இல்லை. இ) கொட்டாவியைத் தவிர்ப்பதன் மூலம் இந்நிலையைக் காப்பீடுதாரர் தாமே கட்டுப்படுத்திக்கொள்ளலாம். ஈ) பாலிசியில் பெயர் ‘ஷெ’ எனத் தொடங்குகிறது, ஆதாரில் ‘செ’ எனத் தொடங்குகிறது, இருவரும் ஒருவரே என்பதற்கான சான்று இல்லை.’

ரசிக்க முடியவில்லை. ஆங்கிலத்தில் என் பெயரை ஒருவர் ஒரு மாதிரியும் மற்றொருவர் இன்னொரு மாதிரியும் எழுதினால் நான் என்ன செய்வேன்? இரண்டும் நான்தானே.

ஆதாரம் ஏன் இல்லை என்றால், ஒவ்வொரு தடவையும் உலகம்மாள் அரை நிமிடத்தில் சரிசெய்துவிடுகிறாள். மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசியமே வரவில்லை.

“அப்போ இனிமே நான் கை வைக்க மாட்டேன்,” என்றாள். “மாட்டுனா அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போவோம். சீட்டு வாங்குவோம்.”

ஆகஸ்ட் 23, சனி

மாட்டியது. மதியம் இரண்டே கால், தினமலருக்கும் தூக்கத்துக்கும் நடுவே. உலகம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பழக்கதோஷத்தில் கட்டைவிரல்கள் மட்டும் துடித்துக்கொண்டிருந்தன. தெருமுனை பால்துரையின் ஆட்டோவில் ஏறினோம்.

வழியெல்லாம் சாரல் என் வாய்க்குள் அடித்தது. சிக்னலில் பக்கத்துப் பைக்கில் இருந்தவர் என்னைப் பார்த்து, பதிலுக்கு அவரும் ஒரு கொட்டாவி விட்டார்.

“அண்ணாச்சிக்கு என்ன, பேய் கீய் பிடிச்சிருக்கா?” என்றார் பால்துரை.

“இன்சூரன்ஸ் பிடிச்சிருக்கு. நீங்க வெரசாப் போங்க,” என்றாள் உலகம்மாள்.

வெரசாகத்தான் போனார். மருத்துவமனை வாசலுக்குப் பத்தடி முன்னால் ஒரு வேகத்தடை. ஆட்டோ எழும்பி விழுந்தது. ‘களக்’ என்றது. என் வாய் மூடிக்கொண்டது.

வாசலில் ஆட்டோ நின்றது.

“வேணும்னா ஒரு சுத்துப் போயிட்டு மறுபடியும் வருவோமா?” என்று கேட்டார் பால்துரை. நல்ல மனிதர்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சீட்டு வாங்கும் யோசனையைக் கைவிட்டாயிற்று; துண்டு மறுபடியும் உலகம்மாள் கையில். கம்பெனியோடு இனிப் பேசிப் பயனில்லை, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்குப் புகார் அனுப்பலாம் என்று டாக்டர் சொன்னார். கம்ப்யூட்டரில் அனுப்ப வேண்டுமாம். தாலுகா அலுவலகத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் சபூரா பேகம்.

திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவர் எழுந்து, “வாங்க சார், உக்காருங்க சார்,” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டார்.

நான்கு பக்கம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

“சார், இப்படி அனுப்புனா திருப்பிருவாங்க.”

“எதனால?”

“எனக்குத் தெரியாதா சார்? நாலு தடவ வாங்கியிருக்கேன்ல.” பென்சிலை எடுத்தார். “இங்க தேதி இல்ல. இணைப்பு மூணுன்னு போட்டிருக்கீங்க, ரெண்டுதான் இருக்கு. எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்து வேணும். இது என்ன மை சார்?”

“கறுப்பு.”

ஒரு நீலப் பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

பெயர் விஷயத்துக்கு வந்ததும் பென்சிலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்தார். “ஷெ-வும் செ-வும் ஒரே ஆளுன்னு ஒரு உறுதிமொழிப் பத்திரம் போட்டா போதும் சார். எதிர்லயே நோட்டரி இருக்காரு. எழுதும்போது யாரோ ஒரு எழுத்த விட்டுட்டா, அதுக்கு நாம காலம் பூரா அலைய முடியுமா?”

அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. திரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து புகாரை முழுதாக மாற்றி எழுதினார். ‘பாடுவதாகத் தெரிகிறது’ என்பதற்கு, ‘மனுதாரர் பாடுவதில்லை, அவர் மனைவி இதற்குச் சாட்சி’ என்று ஒரு வரி சேர்த்தார். அருமையான வரி.

ஆகஸ்ட் 27, புதன்

பழைய பதிவேட்டை அலமாரியிலிருந்து எடுத்தேன். 2007, ஜூலைச் சேர்க்கை. ‘சபுரா பேகம்’ என்று எழுதியிருப்பது யாருடைய கையெழுத்து என்று பார்த்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்துதான்.

இதைப் பற்றி மேலும் எழுத ஒன்றுமில்லை. நகல் சான்றிதழ் இன்று மாலைத் தபாலில் போயிற்று.

செப்டம்பர் 4, வியாழன்

இன்று திருப்பிய மனுக்கள்: இரண்டு. குறை எழுதித் திருப்பும் சிவப்பு மை தீர்ந்துவிட்டது.

செப்டம்பர் 17, புதன்

அக்டோபர் 14 அன்று காணொளியில் விசாரணை என்று அறிவிப்பு.

இட்லியை எட்டாக வெட்டிச் சாப்பிடுகிறேன். வாழைப்பழத்தைக் கரண்டியால். ஐந்து கிலோ குறைந்திருக்கிறேன்.

வீட்டில் சத்தமே இல்லை. முன்பெல்லாம் நான் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் எதிர்வீட்டுக்காரர் நடக்கிற மாதிரி நடந்து காட்டுவாள், பால்காரர் குரலில் பேசுவாள். தேவையில்லாத பேச்சு என்று நானே பல முறை சொல்லியிருக்கிறேன். ஜூலையிலிருந்து நிறுத்திவிட்டாள். “சாப்பாடு போடவா”, “போதுமா”, அவ்வளவுதான். நிம்மதி என்று எழுதியிருக்க வேண்டும்.

செப்டம்பர் 30, செவ்வாய்

எதிர்வீட்டுக்காரர் இன்று வாழைப்பழத் தோலில் வழுக்கி, விழாமல் சமாளித்து, சுற்றிலும் பார்த்துவிட்டு வேட்டியைச் சரிசெய்தார். நாங்கள் இருவருமே ஜன்னலில் பார்த்தோம். உலகம்மாள் என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

பதினொரு மணிக்கு சபூராவின் கடை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். கேமரா முன்னால் நான், பின்னால் சபூரா, கேமராவுக்குத் தெரியாத மூலையில் உலகம்மாள். திரையில் மூன்று கட்டங்கள். ஒன்றில் குறைதீர்ப்பாளர், கண்ணாடி போட்ட, வயதான அம்மா. இன்னொன்றில் டாக்டர் ஜெபசெல்வி. மூன்றாவதில் கம்பெனிப் பிரதிநிதி, டை கட்டியவர், எதிரே ஒரு கட்டுக் காகிதம்.

முதலில் அவரைப் பேசச் சொன்னார்கள். அவர் பேசவில்லை, வாசித்தார். ‘காப்பீடு’ என்றால் என்ன, ‘காப்பீடுதாரர்’ என்றால் யார், ‘வாய்’ என்பது எதிலிருந்து எதுவரை. மின்விசிறி மாதிரி ஒரே குரல். ஆறாம் பக்கத்தில் சபூரா ஒரு கொட்டாவி விட்டார். நான் முட்டிக் கையைத் தாடைக்குக் கீழே கொடுத்துக்கொண்டேன். ஒன்பதாம் பக்கத்தில் குறைதீர்ப்பாளர் அம்மாவே கையால் வாயை மறைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு பெருக்கல் வாய்பாடு சொன்னேன்.

பதினான்காம் பக்கத்தில் அவர் என் விஷயத்துக்கு வந்தார்.

“மேடம், கொட்டாவிங்கறது மனுதாரர் நினைச்சா தவிர்க்கக்கூடிய ஒண்ணு. கொஞ்சம் சுயகட்டுப்பாடு இருந்தா கொட்டாவிய…”

அந்த இடத்தில் அவருக்கே வந்துவிட்டது. சின்னக் கொட்டாவி அல்ல. கண்ணில் நீர் வரும் வரை, டை மேலேறும் வரை, அண்ணாக்கு தெரியும் வரை விட்டார்.

அதைப் பார்த்த பிறகு எந்த வாய்பாடும் உதவவில்லை. என் வாய் திறந்தது. மாட்டிக்கொண்டது.

“மனுதாரர் ஏதாவது சொல்ல விரும்புறாரா?” என்றார் குறைதீர்ப்பாளர்.

“ஆ.”

“மேடம், இது நடிப்பா இருக்கலாம்,” என்றார் பிரதிநிதி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“சார், கேமராவுக்குக் கிட்ட வாங்க, பக்கவாட்டுல திரும்புங்க,” என்றார் டாக்டர். “காதுக்கு முன்னால பள்ளம் விழுந்திருக்கு பாருங்க மேடம். இத யாராலயும் நடிக்க முடியாது.”

நான் திரும்பினேன். எச்சில் சட்டையில் வழிந்தது. அரசாங்கம் மாதிரி ஓர் இடத்தின் முன்னால், முப்பது வருட சர்வீஸ் உள்ள நான், இப்படி. கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது மூலையிலிருந்து, “கொஞ்சம் தள்ளு தாயி,” என்று குரல் கேட்டது. சபூரா தள்ளினார். உலகம்மாள் கட்டைவிரல்களில் துண்டைச் சுற்றியபடியே வந்து, கேமராவுக்கு முதுகு காட்டாமல் ஓரமாக நின்று, அழுத்தித் தள்ளினாள். ‘களக்.’ முந்தானையால் என் மோவாயைத் துடைத்துவிட்டாள்.

“அம்மா, இத எத்தன தடவ செஞ்சிருக்கீங்க?” என்று கேட்டார் குறைதீர்ப்பாளர்.

“இதோட இருபத்து மூணு.”

“அதுக்கு எழுத்துல எதுவும் இல்லையே,” என்றார் பிரதிநிதி.

உலகம்மாள் அவரைப் பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள். “ஜூன் மூணு ஆபீஸ்ல, அது டாக்டரம்மா செஞ்சாக, நான் சேக்கல. ஜூன் பதினொண்ணு, பல் தேய்க்கும்போது. ஜூன் பத்தொம்பது, டி.வி. ஜூன் இருபத்து நாலு, தும்மல்…” மூச்சு விடாமல் ஒவ்வொன்றாகச் சொன்னாள். தேதி, நேரம், என்ன சாப்பிட்டேன், எவ்வளவு வலித்தது. ஜூலை 24-க்கு வந்ததும் கையிலிருந்த துண்டை மடித்தாள். “அன்னைக்கு நான் சிரிப்புக் காட்டிட்டேன். அதுக்கப்புறம் காட்டல.”

என் நாட்குறிப்பின் கணக்கு பதினாறோடு நிற்கிறது. நான் எழுதாமல் விட்டதை அவள் விடவில்லை.

குறைதீர்ப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்க வாதத்துல மீதி எத்தன பக்கம் இருக்கு?” என்று பிரதிநிதியிடம் கேட்டார்.

“எட்டு மேடம்.”

“வேண்டாம். அந்த மனுஷன் தாங்க மாட்டார்.”

நவம்பர் 3, திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. அறுவை சிகிச்சை முழுவதற்கும் அனுமதி. மூன்று பக்கம், ஒரு பிழை இல்லை. நான் பிழை தேடவும் இல்லை.

சபூரா கடைக்கு மைசூர்பாகு வாங்கிப் போனேன். “எனக்கும் அப்பவே நகல் வந்துருச்சு சார், கேக்கணும்னே இருந்தேன்,” என்றார். “ஒரு சந்தேகம். சரியான சான்று ஒண்ணும் நான் குடுக்கலியே, எப்படி வந்துச்சு?”

“பதிவேட்டுல பிழை இருந்துச்சு. திருத்தியாச்சு.”

“யாரு சார் அப்படி எழுதுனது?”

“அந்த ஆள் இப்போ முன்ன மாதிரி இல்ல,” என்றேன். மைசூர்பாகை எடுத்துக்கொண்டார்.

நவம்பர் 12, புதன்

காலை எட்டு மணிக்கு அறுவை. எனக்குப் பயம் இல்லை. உலகம்மாள் கையைப் பிடித்திருந்தது அவள் பயப்படாமல் இருக்கத்தான்.

நவம்பர் 14, வெள்ளி

தலையைச் சுற்றிக் கட்டு. கஞ்சி.

நவம்பர் 15, சனி

கஞ்சி.

நவம்பர் 29, சனி

கட்டுப் பிரித்து நான்கு நாளாகிறது. தாடை நன்றாக இருக்கிறது என்கிறார் டாக்டர். எதற்கும் பழக்கத்தில் முட்டிக் கையைக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறேன். உலகம்மாளும் அடக்கியே பேசுகிறாள்.

காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். வாடிக்கையாளர் கருத்துக் கேட்பாம்.

“சார், எங்க சேவை உங்களுக்கு எந்த அளவு திருப்தியா இருந்துச்சு? ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க சார்.”

என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

“சார்? லைன்ல இருக்கீங்களா? சிகிச்சைக்கு அப்புறம் ஏதாவது மாற்றம் தெரியுதுங்களா சார்?”

வாளியிலிருந்து போர்வையைப் பிழிந்துகொண்டிருந்த உலகம்மாள் நிமிர்ந்தாள்.

“நல்லாத் தெரியுது தாயி,” என்றாள். “முன்னால தொறந்தா மூட மாட்டாக. இப்போ தொறக்கவே மாட்டேங்காக.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அதற்குள் வந்துவிட்டது. கொடியைப் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்க, கண்ணில் நீர் வர, எதிர்வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வரும் வரை சிரித்தேன். சிரித்து முடித்தேன். வாய் தானாக மூடிக்கொண்டது.

போனில் அந்தப் பெண், “பத்துன்னு போட்டுக்கவா சார்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

உலகம்மாள் போர்வையைக் கையில் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

“இன்னொரு தடவ சிரிங்க,” என்றாள்.